டிரைவரில் டிஎம்ஏ அளவு வரம்பு: எந்த எண்ணை எங்கே சொல்ல வேண்டும்

சிபியூ ஒவ்வொரு பைட்டாக நகர்த்தாமல், கார்டே நினைவகத்தில் நேரடியாக எழுதிப் படிப்பதுதான் டிஎம்ஏ. சில வருடங்களுக்கு முன் அப்படி டேட்டா சேகரிக்கும் கார்டு ஒன்றுக்கு லினக்ஸ் டிரைவர் எழுதினேன். என் மேசையில் இருந்த கணினியில் எல்லாச் சோதனையும் பாஸ். இன்னொரு கணினியில் அதே கார்டைச் செருகி ஒரு பெரிய கோப்பைச் சேமித்தால், நடுநடுவே 64 கேபி அளவுக்கு வெறும் பூஜ்ஜியங்கள். எரர் எதுவும் வரவில்லை. கார்டு "முடிந்தது" என்கிறது, டிரைவரும் "முடிந்தது" என்கிறது, டேட்டாவை மட்டும் காணோம்.

இரண்டு நாள் போன பிறகுதான் காரணம் பிடிபட்டது. ஒவ்வொரு துண்டின் முகவரியையும் நீளத்தையும் கார்டுக்குச் சொல்லும் சிறு பதிவு டிஸ்கிரிப்டர். அந்தக் கார்டின் டிஸ்கிரிப்டரில் நீளம் எழுதும் இடம் 16 பிட். 65,536 என்ற எண்ணை 16 பிட்டில் எழுதினால் மிஞ்சுவது 0. கார்டும் சொன்னபடி 0 பைட்டை ஒழுங்காக அனுப்பிவிட்டு வேலை முடிந்தது என்று சொல்லியிருக்கிறது. என் கணினியில் இது ஏன் வரவில்லை? அங்கே ஐஓஎம்எம்யூ, அதாவது டிவைஸ் பார்க்கும் முகவரிகளை நினைவக முகவரிகளாக மாற்றித் தரும் ஹார்டுவேர், அணைந்திருந்தது. நினைவகத்தில் சிதறிக் கிடந்த 4 கேபி பேஜ்கள் சிதறலாகவே கார்டுக்குப் போயின. மற்றக் கணினியில் ஐஓஎம்எம்யூ அவற்றைச் சேர்த்து ஒரே 64 கேபி துண்டாக்கிக் கொடுத்தது. "என்னால் 64 கேபி முடியாது" என்று கெர்னலிடம் நான் சொல்லவே இல்லை. வேறு எண் சொல்லப்படாவிட்டால் லினக்ஸ் எடுத்துக்கொள்வதும் சரியாக 64 கேபிதான்.

இந்த வழிகாட்டி அந்தச் "சொல்லும்" வேலையைப் பற்றியது. லினக்ஸை வைத்து விரிவாகவும், விண்டோஸ், ஃப்ரீபிஎஸ்டி இரண்டையும் சுருக்கமாகவும் பார்க்கலாம். ஃபங்ஷன் பெயர்களை உச்சரிப்பின்படி தமிழில் எழுதுகிறேன், அடிக்கோடு இருக்கும் இடத்தில் அடிக்கோடே இருக்கும். சோர்ஸ் கோடில் தேடும்போது சிரமம் இருக்காது.

முதல் படி: டேட்டாஷீட்டில் ஐந்து எண்களைத் தேடுங்கள்

"இந்த டிவைஸ் அதிகபட்சம் எவ்வளவு அனுப்பும்?" என்று கேட்டால் ஒரே எண்ணாகப் பதில் வராது. கேள்வியை ஐந்தாகப் பிரித்துக் கேட்க வேண்டும்.

ஒரு கட்டளையில் மொத்தம் எத்தனை பைட்? ஒரு துண்டு, அதாவது ஒரு செக்மென்ட், எவ்வளவு நீளம் இருக்கலாம்? ஒரு கட்டளைக்கு எத்தனை செக்மென்ட்? ஒரு செக்மென்ட் எந்த முகவரி எல்லையைத் தாண்டக் கூடாது? டிவைஸால் எத்தனை பிட் முகவரி வரை எட்ட முடியும்?

முதல் மூன்றையும் குழப்பிக்கொள்வதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. செக்மென்ட் நீளத்தில் பிரச்சினை இருக்கும், டிரைவர்காரர் மொத்த அளவைக் குறைத்து வைப்பார். பிழை அபூர்வமாகிவிடும். அதனாலேயே அதைப் பிடிப்பது இன்னும் கஷ்டமாகிவிடும்.

நான்காவது கேள்வி விசித்திரமாகத் தோன்றலாம். அதற்குப் பழைய வரலாறு இருக்கிறது. 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் இன்டெல் 8237 டிஎம்ஏ சிப் இருந்தது. அதன் முகவரிக் கவுன்ட்டர் 16 பிட். மேலே வரும் பிட்கள் தனியாக ஒரு பேஜ் ரெஜிஸ்டரில் இருக்கும், அனுப்பும்போது அவை மாறாது. அதனால் 64 கேபி எல்லைக்குப் போனதும் கவுன்ட்டர் அதே 64 கேபியின் தொடக்கத்துக்குச் சுற்றி வந்துவிடும். அந்தச் சிப்பின் காலம் முடிந்துவிட்டது, எல்லைப் பழக்கம் முடியவில்லை. ஐடிஇ என்ற பழைய டிஸ்க் கன்ட்ரோலர்களின் டிஎம்ஏ பட்டியலிலும் ஒரு துண்டு 64 கேபி எல்லையைத் தாண்டக் கூடாது.

எண்ணைக் கண்டுபிடித்ததும் அது எந்த முறையில் எழுதப்படுகிறது என்று பாருங்கள். இதில் மூன்று வழக்கங்கள் உண்டு. எண்ணை அப்படியே எழுதுவது ஒன்று. 8237 போல ஒன்றைக் கழித்து எழுதுவது இன்னொன்று. 0 என்றால் முழு அளவு என்று எடுத்துக்கொள்வது மூன்றாவது. சாட்டா டிஸ்க் கன்ட்ரோலர்களுக்கான ஏஹெச்சிஐ கழிக்கும் கட்சி: 22 பிட் இடம், ஒன்று கழித்த எண், அதனால் ஒரு துண்டு 4 எம்பி வரை போகும். ஐடிஇ பட்டியலும் எஸ்டி கார்டு கன்ட்ரோலரின் ஏடிஎம்ஏ2 பட்டியலும் மூன்றாவது கட்சி: 16 பிட்டில் 0 எழுதினால் 64 கேபி என்று பொருள். ஆனால் விதி அப்படிச் சொன்னாலும் 0வை 0 என்றே எடுத்துக்கொள்ளும் சிப்கள் நிஜத்தில் இருக்கின்றன. அவற்றுக்காகவே லினக்ஸின் ஐடிஇ பகுதியில், 64 கேபி துண்டு வந்தால் அதை இரண்டு 32 கேபியாக உடைத்து எழுதும் தனி நிரல் இருக்கிறது. எஸ்டி கன்ட்ரோலர் டிரைவரிலும் இதற்கென ஒரு குவர்க் கொடி, அதாவது கோளாறுள்ள சிப்புக்கான விதிவிலக்குக் குறி, உண்டு. அதை ஏற்றினால் செக்மென்ட் வரம்பு 65,535 ஆகிவிடும்.

டேட்டாஷீட்டை நம்பலாம், ஆனால் 0வைப் பற்றி அது சொல்வதை மட்டும் ஒருமுறை கையால் சோதித்துப் பாருங்கள்.

இரண்டாம் படி: காகிதத்தில் கணக்குப் போடுங்கள்

கற்பனையாக ஒரு கார்டை வைத்துக்கொள்வோம். முகவரி 36 பிட். டிஸ்கிரிப்டரில் நீளம் 16 பிட், எண் அப்படியே எழுதப்படும், 0 செல்லாது. ஒரு கட்டளைக்கு 32 டிஸ்கிரிப்டர். கட்டளையின் மொத்த நீளத்துக்கு 20 பிட். செக்டர் 512 பைட்.

செக்மென்ட் நீளம் 65,535 பைட் வரை போகலாம். ஆனால் அது 512இன் மடங்கு அல்ல. கீழே இறக்கினால் 127 செக்டர், அதாவது 65,024 பைட். நான் இன்னும் இறங்கி 61,440 என்று வைப்பேன். அது 15 பேஜ், 4 கேபியின் சரியான மடங்கு. 3 கேபி சொச்சத்தை மிச்சம் பிடிக்கப் போனால் துண்டுகள் பேஜ் நடுவில் வெட்டுப்படும், அடுத்த துண்டு கோணலான முகவரியில் தொடங்கும். அந்த மிச்சம் அதற்கு ஈடாகாது.

மொத்த நீளம் 20 பிட் என்றால் 10,48,575. செக்டர் கணக்கில் 2,047 செக்டர், 10,48,064 பைட். 1 எம்பி என்று எழுதக் கை துறுதுறுக்கும். எழுதினால் என் பழைய கதைதான்: 20 பிட்டில் 1 எம்பி எழுதினால் 0.

இப்போது செக்மென்ட் எண்ணிக்கை. 32 துண்டு, ஒவ்வொன்றும் 61,440 என்றால் கிட்டத்தட்ட 1.9 எம்பி வருகிறது, மொத்த வரம்பை விட அதிகம், கவலை இல்லை என்று தோன்றும். அது நல்ல நாளின் கணக்கு. பேஜ்கள் எல்லாம் சிதறியிருக்கும் கெட்ட நாளில் ஒரு துண்டுக்கு 4 கேபிதான். அதிலும் பயனர் கொடுக்கும் பஃபர் பேஜின் நடுவில் தொடங்கினால், 128 கேபி பஃபர் 32 பேஜை அல்ல, 33 பேஜைத் தொடும். அந்த 33வது துண்டுக்கு உங்களிடம் டிஸ்கிரிப்டர் இல்லை. ஆகவே எந்த நிலையிலும் நிச்சயம் போகும் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய அளவு 31 பேஜ், அதாவது 124 கேபி.

டிஸ்க் போன்றவற்றுக்குப் பிளாக் டிரைவர் எழுதுபவர் இந்த 124 கேபியை எங்கும் எழுத வேண்டாம். மூன்று வரம்பையும் தனித்தனியாகச் சொன்னால் போதும், எது முதலில் நிரம்புகிறதோ அங்கே கெர்னலே வெட்டிக்கொள்ளும். சொந்தமாக ஐஆக்டல் (பயனர் நிரல் டிரைவரை நேராக அழைக்கும் வழி) வைத்து டேட்டா வாங்கும் கேரக்டர் டிரைவர் என்றால் 124 கேபியைக் கண்டிப்பாக நினைவில் வையுங்கள். அங்கே வெட்டுவது உங்கள் வேலை.

மூன்றாம் படி: முகவரி மாஸ்க்

டிவைஸ் கிடைத்ததும் கெர்னல் அழைக்கும் புரோப் ஃபங்ஷனில் முதல் வேலை, டிவைஸ் எட்டும் முகவரி பிட்களைக் காட்டும் மாஸ்க்கைச் சொல்வதுதான். டிஎம்ஏ_செட்_மாஸ்க்_அண்ட்_கோஹெரன்ட் என்ற அழைப்பில் 36 பிட் மாஸ்க்கைக் கொடுங்கள், திரும்பி வரும் மதிப்பைப் பாருங்கள். சொல்லாமல் விட்டால் 32 பிட் என்று கெர்னல் வைத்துக்கொள்ளும். அது ஆபத்தில்லை, மெதுவாகும், அவ்வளவுதான். 4 ஜிபிக்கு மேலே இருக்கும் பஃபர்கள், டிவைஸ் எட்டும் இடத்தில் இருக்கும் பவுன்ஸ் பஃபர் என்ற தற்காலிக இடம் வழியாக நகலெடுக்கப்பட்டுப் போகும். ஆபத்து எதிர்ப்பக்கம். 36 பிட் கார்டுக்கு 64 பிட் என்று சொல்லிவிட்டால், 64 ஜிபிக்குக் குறைவான நினைவகம் உள்ள சோதனைக் கணினியில் பிழை வெளியே தெரியவே தெரியாது. பெரிய சர்வரில் மட்டும் யாரோ ஒருவருடைய நினைவகம் பாழாகும்.

நான்காம் படி: செக்மென்ட் நீளம், எல்லை

இதற்கு இரண்டு அழைப்புகள். டிஎம்ஏ_செட்_மேக்ஸ்_செக்_சைஸ் நீளத்துக்கு. டிஎம்ஏ_செட்_செக்_பவுண்டரி எல்லைக்கு. இரண்டாவது கேட்பது மாஸ்க். 64 கேபி எல்லை என்றால் 65,535 கொடுக்க வேண்டும், 65,536 அல்ல. இதைத் தவறாகக் கொடுத்தாலும் கம்பைலர் வாயே திறக்காது.

பழைய கெர்னல்களில் நீளம் சொல்லும் அழைப்பு தோற்கவும் செய்யும். டிவைஸுக்கு டிஎம்ஏ_பார்ம்ஸ் என்ற சிறு ஸ்ட்ரக்சர் இணைக்கப்படாவிட்டால் எரர் திரும்பி வரும். பிசிஐ டிவைஸுக்கு அதைக் கெர்னலே இணைத்துவிடும். பழைய கெர்னலில் பிளாட்ஃபார்ம் டிவைஸுக்கு நாமே இணைக்க வேண்டியிருந்தது. திரும்பி வரும் மதிப்பைப் பார்க்காத டிரைவர்களில் வரம்பு வைத்ததாக நினைத்துக்கொண்டிருப்போம், வைக்கப்பட்டிருக்காது.

இங்கே கொஞ்சம் நின்று ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். செக்மென்ட் நீளம் சொல்வது ஓர் அறிவிப்பு மட்டும். கெர்னல் அதைப் பார்த்து உங்கள் பட்டியலில் இருக்கும் பெரிய துண்டை வெட்டித் தராது. ஐஓஎம்எம்யூ பகுதி துண்டுகளைச் சேர்க்கும்போது அந்த எண்ணைத் தாண்டிச் சேர்க்காது, அவ்வளவுதான். பட்டியலைக் கட்டும்போதே 2 எம்பி துண்டு ஒன்றை உள்ளே வைத்துவிட்டால் அது 2 எம்பியாகவே கார்டுக்குப் போகும்.

அப்படி யார் வைப்பார்கள்? நாமேதான். பயனரின் பேஜ்களைப் பிடித்து எஸ்ஜி_அலாக்_டேபிள்_ஃப்ரம்_பேஜஸ் (எஸ்ஜி என்பது ஸ்கேட்டர்-கேதர், சிதறிய துண்டுகளின் பட்டியல்) அழைத்தால், நினைவகத்தில் அடுத்தடுத்து இருக்கும் பேஜ்களை அது அளவு பார்க்காமல் ஒரே துண்டாக ஒட்டிவிடும். பயனர் ஹியூஜ் பேஜ் பயன்படுத்தினால் 2 எம்பி துண்டு சாதாரணமாக வரும். இதே ஃபங்ஷனுக்குப் பெயரின் கடைசியில் செக்மென்ட் என்று முடியும் ஒரு சகோதரன் உண்டு, அது அதிகபட்சத் துண்டு அளவையும் கேட்கும். கேரக்டர் டிரைவரில் எப்போதும் அதையே பயன்படுத்துங்கள், டிஎம்ஏ_கெட்_மேக்ஸ்_செக்_சைஸ் தரும் எண்ணை அதற்குக் கொடுங்கள்.

ஐந்தாம் படி: மேலே இருக்கும் கூரையைக் கேளுங்கள்

கார்டுக்கு வரம்பு இருப்பது போல, கார்டு உட்கார்ந்திருக்கும் கணினிக்கும் வரம்பு உண்டு. அதைக் கேட்பதற்கு டிஎம்ஏ_மேக்ஸ்_மேப்பிங்_சைஸ்.

இது ஏன் முக்கியம் என்றால், பவுன்ஸ் பஃபர் வழியாகப் போகும்போது ஒரே மேப்பிங் 256 கேபியைத் தாண்ட முடியாது. அந்தப் பஃபரை நடத்தும் ஸ்விஓடிஎல்பி தன் இடத்தை 2 கேபி துண்டுகளாகப் பிரித்து வைத்திருக்கிறது, ஒட்டினாற்போல் 128 துண்டு வரைதான் தரும். மொத்தப் பஃபர் 64 எம்பி காலியாக இருந்தாலும் 300 கேபி கேட்டால் கிடைக்காது. கெர்னல் பதிவான டிமெசேஜில் பஃபர் நிரம்பிவிட்டது என்று செய்தி வரும். பக்கத்திலேயே பயன்படுத்திய துண்டுகளின் எண்ணிக்கை மிகக் குறைவாக இருக்கும். அதைப் பார்த்துக் குழம்பாதவர்கள் குறைவு. நினைவகம் என்க்ரிப்ட் செய்யப்பட்ட விர்ச்சுவல் மெஷின்களில் எல்லா டிஎம்ஏவும் இந்த வழியாகத்தான் போகும் என்பதால், அங்கே இது தினமும் தலைநீட்டும்.

இந்தக் கேள்வியை மாஸ்க் வைத்த பிறகு கேளுங்கள். பவுன்ஸ் தேவையா என்பது மாஸ்க்கைப் பொறுத்தது, முன்பே கேட்டால் தவறான பதில் வரும்.

இதன் தங்கை டிஎம்ஏ_ஆப்ட்_மேப்பிங்_சைஸ். முடியாத அளவை அல்ல, "இதற்கு மேல் போனால் மெதுவாகும்" என்ற அளவைச் சொல்லும். ஐஓஎம்எம்யூ முகவரிகளை விரைவாகத் தரும் கேஷ் 4 கேபி பேஜ் கணினியில் 128 கேபி வரைதான் உதவும். வேகமான எஸ்எஸ்டிகளுக்கான என்விஎம்ஈ டிரைவர் இதையும் கேட்டுத் தன் வரம்பைக் குறைத்துக்கொள்கிறது. ஐஓஎம்எம்யூவை ஆன் செய்ததும் என்விஎம்ஈ டிஸ்க்கின் வரம்பு திடீரென 128 கேபி என்று தெரிந்தால் டிஸ்க் கெட்டுப்போகவில்லை, காரணம் இதுதான்.

ஆறாம் படி: மேலடுக்குக்கு அறிவியுங்கள்

பிளாக் டிரைவரில் கியூ_லிமிட்ஸ் என்ற ஸ்ட்ரக்சரை நிரப்ப வேண்டும். மேக்ஸ்_ஹெச்டபிள்யூ_செக்டர்ஸ் மொத்தத்துக்கு, எப்போதும் 512 பைட் செக்டர் கணக்கில். மேக்ஸ்_செக்மென்ட்ஸ் எண்ணிக்கைக்கு. மேக்ஸ்_செக்மென்ட்_சைஸ் பைட்டில். செக்_பவுண்டரி_மாஸ்க் எல்லைக்கு. நம் கார்டுக்கு 2,047, 32, 61,440 என்று வரும். மொத்தத்தை ஐந்தாம் படியில் கிடைத்த எண்ணோடு ஒப்பிட்டுச் சிறியதை வையுங்கள். 6.9 கெர்னல் முதல் இந்த ஸ்ட்ரக்சரை நிரப்பி டிஸ்க்கை உருவாக்கும் அழைப்பிலேயே கொடுத்துவிடலாம். அதற்கு முன் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஃபங்ஷன் இருந்தது, பழைய பயிற்சிக் குறிப்புகளில் இன்னும் அவைதான் இருக்கும்.

எதையும் சொல்லாமல் விட்டால் கெர்னல் பத்திரமான எண்களை எடுத்துக்கொள்ளும்: 255 செக்டர், 128 செக்மென்ட், செக்மென்ட்டுக்கு 64 கேபி. நம் கார்டுக்கு இந்தப் பத்திரமும் பத்திரம் அல்ல.

பேஜ் அளவு 64 கேபி ஆக இருக்கும் ஆர்ம் கெர்னலிலும் உங்கள் டிரைவர் ஓடலாம். அங்கே 61,440 ஒரு பேஜை விடச் சிறியது. பழைய கெர்னல்கள் பதிவில் ஒரு வரி மட்டும் எழுதிவிட்டு அதைப் பேஜ் அளவுக்கு உயர்த்திவிடும். அப்படிப்பட்ட கெர்னலையும் தாங்க வேண்டுமென்றால், டிஸ்கிரிப்டர் எழுதும் இடத்தில் நீளத்தைப் பார்த்து இரண்டாக உடைப்பதைத் தவிர வழி இல்லை. மேக்ஸ்_செக்மென்ட்ஸையும் அதற்கேற்பப் பாதியாக்க வேண்டும்.

ஸ்கஸி என்றால் ஹோஸ்ட் டெம்ப்ளேட்டில் மேக்ஸ்_செக்டர்ஸ், எஸ்ஜி_டேபிள்சைஸ் இரண்டையும் நிரப்பினால் மீதியை நடுவில் இருக்கும் நிரல் பார்த்துக்கொள்ளும். என்விஎம்ஈயில் டிஸ்க்கே தன் வரம்பைச் சொல்கிறது. எம்டிடிஎஸ் என்ற ஒரு பைட், அது இரண்டின் அடுக்கு. 5 என்று இருந்து குறைந்தபட்சப் பேஜ் 4 கேபி என்றால் 32 பேஜ், 128 கேபி. 0 என்றால் வரம்பு இல்லை என்று பொருள், இங்கேயும் 0 தன் வேலையைக் காட்டுகிறது.

ஏழாம் படி: மேப் செய்த பிறகு எண்ணிப் பாருங்கள்

டிஎம்ஏ_மேப்_எஸ்ஜி நீங்கள் கொடுத்ததை விடக் குறைவான துண்டுகளைத் திருப்பித் தரலாம், ஏனென்றால் அது சேர்த்திருக்கும். டிஸ்கிரிப்டர் எழுதும் லூப் திரும்பி வந்த எண்ணிக்கை வரைதான் ஓட வேண்டும். நீளத்தை எஸ்ஜி_டிஎம்ஏ_லென் வழியாக எடுக்க வேண்டும், பழைய லெங்த் ஃபீல்டிலிருந்து அல்ல. ஆனால் அன்மேப் செய்யும்போது முதலில் கொடுத்த எண்ணிக்கையையே கொடுக்க வேண்டும். இந்த முரணைத் தவிர்க்கத்தான் எஸ்ஜி டேபிளை முழுதாக வாங்கும் புதிய அழைப்புகள் வந்தன, முடிந்தால் அவற்றுக்கு மாறிவிடுங்கள்.

நீளத்தை ரெஜிஸ்டரில் எழுதும் வரிக்கு முன்னால் ஒரு சோதனை வையுங்கள். வரம்பைத் தாண்டினால் வார்ன்_ஆன்_ஒன்ஸ் எழுப்பிக் கோரிக்கையை எரரோடு திருப்பி அனுப்புங்கள். மாஸ்க் போட்டு மேல் பிட்களை வெட்டி எழுதுவது அழகாகத் தெரியும். என் 64 கேபி பூஜ்ஜியங்கள் அந்த அழகில்தான் ஒளிந்திருந்தன.

விண்டோஸிலும் ஃப்ரீபிஎஸ்டியிலும்

விண்டோஸின் டிரைவர் ஃபிரேம்வொர்க்கான டபிள்யூடிஎஃப்பில் மொத்த வரம்பை டிஎம்ஏ எனேப்ளர் உருவாக்கும்போதே மேக்சிமம்லெங்த் என்று கொடுக்கிறோம். துண்டுகளின் எண்ணிக்கைக்கு டபிள்யூடிஎஃப்டிஎம்ஏஎனேப்ளர்செட்மேக்சிமம்ஸ்கேட்டர்கேதர்எலிமென்ட்ஸ், பெயரே ஒரு மூச்சு. குறிப்பிட்ட ஒரு டிரான்சாக்‌ஷனுக்கு மட்டும் வரம்பைக் குறைக்க, அதை இயக்குவதற்கு முன் டபிள்யூடிஎஃப்டிஎம்ஏடிரான்சாக்‌ஷன்செட்மேக்சிமம்லெங்த் அழைக்க வேண்டும். இங்கே வெட்டும் வேலையை ஃபிரேம்வொர்க்கே செய்கிறது. ஒரு பெரிய கோரிக்கை பல டிரான்ஸ்ஃபர்களாக வரும், ஒவ்வொன்றுக்கும் உங்கள் புரோகிராம்டிஎம்ஏ கால்பேக் ஓடும். ஒன்று முடிந்ததும் முடிந்ததென்று சொல்லும் அழைப்பு பொய் என்று திருப்பினால் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று பொருள். அதைப் பார்க்காமல் முதல் துண்டிலேயே கோரிக்கையை முடித்துவிடுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்வது. டிஸ்க்குகளுக்கான ஸ்டோர்போர்ட் டிரைவரில் இதே எண்கள் மேக்சிமம்டிரான்ஸ்ஃபர்லெங்த், நம்பர்ஆஃப்பிசிக்கல்பிரேக்ஸ் என்று வரும்.

ஃப்ரீபிஎஸ்டி எனக்குப் பிடித்த வடிவம். பஸ்_டிஎம்ஏ_டேக்_கிரியேட் என்ற ஒரே அழைப்பில் எல்லை, முகவரி, மொத்தம், எண்ணிக்கை, துண்டு நீளம் ஐந்தையும் சொல்லியே ஆக வேண்டும், மறக்க வழியே இல்லை. துண்டுகள் மிஞ்சினால் ஈஎஃப்பிக் எரர் வரும். ஒரு கோரிக்கையின் அளவுக்குக் கூரை அங்கே மேக்ஸ்ஃபிஸ். நெடுங்காலம் 128 கேபி, 13ஆம் பதிப்பில் 64 பிட் கணினிகளுக்கு 1 எம்பி.

எட்டாம் படி: உடைத்துப் பாருங்கள்

சோதனைக் கெர்னலில் டிஎம்ஏ_ஏபிஐ_டீபக் கான்ஃபிக்கையும், அதன் எஸ்ஜி கிளையையும் ஆன் செய்யுங்கள். டிவைஸ் சொன்னதை விட நீளமான துண்டு மேப் ஆனாலோ எல்லையைத் தாண்டினாலோ அது உடனே டிமெசேஜில் கத்தும். என்னிடம் அன்று இது ஆன் ஆகியிருந்தாலும் அமைதியாகத்தான் இருந்திருக்கும், நான் வரம்பே சொல்லவில்லையே! சொன்ன வரம்பை மீறினால்தான் அது பிடிக்கும்.

அப்புறம் மூன்று விதமாக பூட் செய்யுங்கள்: ஐஓஎம்எம்யூ அணைத்து, ஆன் செய்து, ஸ்விஓடிஎல்பியை ஃபோர்ஸ் செய்து. ஒவ்வொன்றிலும் வரம்புக்கு ஒரு செக்டர் குறைவாக, சரியாக வரம்பில், ஒரு செக்டர் அதிகமாக எழுதிப் படித்துப் பாருங்கள். எழுதும் டேட்டாவில் பூஜ்ஜியம் வேண்டாம். ஒவ்வொரு செக்டரிலும் அதன் எண்ணையே எழுதினால் எந்தத் துண்டு காணாமல் போனது என்று கண்ணாலேயே தெரியும். பஃபர் பேஜின் நடுவில் தொடங்குவது போலவும், ஹியூஜ் பேஜில் இருப்பது போலவும் ஒரு சுற்று ஓட்டுங்கள்.

சிஸ் அடைவில் அந்த டிஸ்க்கின் கியூ கோப்புறைக்குள் மேக்ஸ்_ஹெச்டபிள்யூ_செக்டர்ஸ்_கேபி, மேக்ஸ்_செக்மென்ட்ஸ், மேக்ஸ்_செக்மென்ட்_சைஸ் கோப்புகளைத் திறந்து, நீங்கள் சொன்ன எண் உண்மையில் அங்கே வந்திருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்தில் இருக்கும் மேக்ஸ்_செக்டர்ஸ்_கேபி வேறு. அது நிர்வாகி வேகத்துக்காக ஏற்றி இறக்கும் எண், ஹார்டுவேர் வரம்பைத் தாண்டி ஏற்ற முடியாது.

இவ்வளவுக்குப் பிறகும் குறிப்பிட்ட ஒரு மாடல் மட்டும் தகராறு செய்தால், எல்லோருக்கும் வரம்பைக் குறைத்துவிடாமல் அந்த மாடலின் ஐடிக்கு மட்டும் குவர்க் போடுங்கள். யூஎஸ்பி ஸ்டோரேஜ் டிரைவரைத் திறந்து பார்த்தால் இதற்கு நல்ல மாதிரி கிடைக்கும். யூஎஸ்பி 2 டிஸ்க்குகளுக்கு அங்கே பொது வரம்பு 240 செக்டர், 120 கேபி. பழைய ஐடிஇ கன்ட்ரோலர்களில் செக்டர் எண்ணிக்கைக்கு 8 பிட் ரெஜிஸ்டர்தான் இருந்தது, முழு 256ஐ அவையே தாங்கவில்லை, அந்த வழக்கம் யூஎஸ்பி பெட்டிகளுக்குள்ளும் வந்துவிட்டதாகத் தெரிகிறது என்று அந்த நிரலில் இருக்கும் கமென்ட் சொல்கிறது. யூஎஸ்பி 3 டிஸ்க்குகளுக்கு அது 2,048 செக்டர். 64 செக்டருக்கு மேல் தாங்காத பெட்டிகளுக்குத் தனிக் கொடி. வரம்பை ஓடும்போதே மாற்றிப் பார்க்க, டிவைஸ் கோப்புறையில் மேக்ஸ்_செக்டர்ஸ் என்று எழுதக்கூடிய ஒரு கோப்பும் வைத்திருக்கிறார்கள். உங்கள் டிரைவரிலும் அப்படி ஒரு கோப்பு வையுங்கள். தூரத்தில் இருக்கும் பயனரிடம் "இதில் 64 என்று எழுதிப் பாருங்கள், பிரச்சினை போகிறதா?" என்று ஒரே வரியில் கேட்டுவிடலாம்.